விசாரித்த பின்னே கை வைக்கட்டும்

இலக்கியமும் அரசியலும் பேச வேண்டிய நம் சங்கத்தின் ஏட்டில் முகப்பூச்சைப் பற்றி எழுத வந்துவிட்டாளே என்று நண்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். அவர்களிடம் ஒன்று மட்டும் கேட்பேன். இந்தக் கல்வியாண்டு தொடங்கியதிலிருந்து முடிதிருத்தும் நிலையத்துக்கோ அழகு நிலையத்துக்கோ எத்தனை முறை சென்றீர்கள்? அதே காலத்தில் நூலகத்திலிருந்து எத்தனை கவிதை நூல்களை எடுத்தீர்கள்? உண்மையான விடை கிடைக்குமானால், இவ்வேட்டில் இப்பொருளுக்குச் சில பக்கங்கள் ஒதுக்குவது குற்றமாகாது என்பதை அவர்களே ஒப்புவர்.

இது பெண்களுக்கு மட்டும் உரிய பேச்சு என்று ஆண் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இளநரைக்குச் சாயம் பூசுவோர் அவர்களுள்ளும் உண்டு. தாடிக்கு நிறமேற்றுவோர் உண்டு. முடி வெட்டிய பின் தலையைப் பிடித்துக் கழுத்தில் 'சடக்' என்று ஓசை வரத் திருப்பும் கைக்குத் தம் கழுத்தைக் கொடுத்துவிட்டுக் கண்மூடிக் கிடப்போரும் உண்டு. நாற்காலி எல்லாருக்கும் பொதுவானது, ஆபத்தும் பொதுவானதே.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். நம் உடலில் ஒரு மருந்தையோ சாயத்தையோ மெழுகையோ ஒளியையோ செலுத்துமுன், அதைச் செய்பவர் நம்மை உட்கார வைத்து விசாரிக்க வேண்டும். அவர் விசாரிக்காவிட்டால் நாமே விசாரிக்கும்படி செய்ய வேண்டும். அந்த விசாரிப்பு உபசார வார்த்தையன்று. வேலையின் முதற்பாதியே அதுதான்.

நம் ஊர்களில் இப்படி ஒரு தனி விசாரிப்பு எதற்கும் தேவைப்பட்டதில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். காரணம் என்ன? நம் தாத்தாவுக்கு முகம் மழித்தவர் அவருடைய தந்தைக்கும் மழித்தவர். முடிதிருத்துபவரை 'மருத்துவர்' என்றும் பேறு பார்த்த அவர் வீட்டுப் பெண்ணை 'மருத்துவச்சி' என்றும் தமிழகம் அழைத்தது வெறும் மரியாதைக்காக அன்று. கத்தி பிடித்த கையே புண்ணுக்கு மருந்தும் இட்டது. எந்த வீட்டில் யாருக்குக் கரப்பான், யாருக்கு இழுப்பு, யாருக்கு எந்த எண்ணெய் ஆகாது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அத்தனையும் தெரிந்தவர்களைத் திண்ணைக்கு அப்பால் நிறுத்தி வைத்த சாதிக் கொடுமையை நான் மறக்கவில்லை. அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்றும் நான் கூறவில்லை. ஆயினும் ஓர் உண்மையை மறுக்க முடியாது. அங்கே தலைமுறைப் பழக்கம் இருந்தது. அதனால் கேள்விக்கு வேலை இல்லாமற் போயிற்று.

தில்லியில் நம்மை யாருக்குத் தெரியும்? கமலா நகர்க் கடைத்தெருவில் மாடிப்படி ஏறி ஒரு நிலையத்துக்குள் நுழைகிறோம். நமக்கு அவளைத் தெரியாது. அவளுக்கு நம்மைத் தெரியாது. நமது இந்தி அரைகுறை. அவள் சொல்லும் பெயர்களில் பாதி விளங்குவதில்லை. விளங்கவில்லை என்று சொல்லக் கூச்சம். தலையை ஆட்டுகிறோம். அந்தத் தலையாட்டலே சம்மதமாகிவிடுகிறது. ஊர் பெயர்ந்து வந்தவர்களுக்குப் பழக்கம் தந்த பாதுகாப்பு இல்லை. அந்த இடத்தைக் கேள்விதான் நிரப்ப வேண்டும்.

ஆனால் அங்கே நடப்பது என்ன? கேட்க வேண்டியதைக் கேட்பதில்லை, கேட்காததைச் சொல்கிறார்கள். 'உங்களுக்கு ஒவ்வாமை உண்டா?' என்று கேட்பதில்லை. 'ரங் ஸாஃப் ஹோ ஜாயேகா', அதாவது நிறம் தெளிந்துவிடும் என்று சொல்கிறார்கள். புருவம் திருத்த வந்தவளிடம் பிளீச் வைத்துக்கொள் என்கிறார்கள். நாம் என்ன வேண்டி வந்தோம் என்பதை அறியுமுன்பே நம்மிடம் என்ன குறை என்பதைத் தீர்மானித்துவிடுகிறார்கள்.

நான் வேதியியல் பயிலும் மாணவி. ஆகவே வேதியியலிலிருந்தே தொடங்குகிறேன். கறுப்புத் தலைச்சாயங்கள் பெரும்பாலானவற்றில் பாரா ஃபீனைலீன் டையமீன் என்ற பொருளோ அதன் நெருங்கிய உறவினமோ இருக்கிறது. சுருக்கமாக பி.பி.டி. என்பர். அது மிகச் சிறிய மூலக்கூறு, நிறமற்றது. ஹைட்ரஜன் பெராக்சைடுடன் சேர்ந்ததும் ஆக்சிஜனேற்றம் பெற்று, முடியின் உள்ளே பெரிய நிற மூலக்கூறாக வளர்ந்து, வெளியேற முடியாமல் தங்கிவிடுகிறது. சாயம் நிலைத்து நிற்கும் மாயம் இதுதான். ஆனால் அந்தச் சிறுமைதான் தீங்குக்கும் வழி. தோலுக்குள் எளிதில் புகுந்து நம் புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. உடலின் காவற்படை அந்தக் கலவையை அந்நியன் என்று கண்டு நினைவில் குறித்து வைத்துக்கொள்கிறது. அமெரிக்கத் தொடுதோலழற்சிச் சங்கம் 2006-ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக இதைத்தான் தேர்ந்தெடுத்தது.

குறித்து வைத்துக்கொள்கிறது என்றேனே, அங்கேதான் சூட்சுமம். முதன்முறை பூசும்போது ஒன்றும் நேராமல் போகலாம். ஐந்தாம் முறையும் நேராமல் போகலாம். நினைவு முற்றியபின் ஒரு நாள் நெற்றி தடித்து, இமை வீங்கிக் கண் மூடிவிடும். அதுவும் பூசிய உடனே அன்று. பெரும்பாலும் ஒரு நாளோ இரு நாளோ கழித்து. 'முன்பு போட்டேன், ஒன்றும் ஆகவில்லை' என்ற பேச்சு ஏன் சான்றாகாது என்பது இப்போது விளங்கும். நாற்காலியில் உட்கார்ந்தபின் கையில் துளி தடவி ஐந்து நிமிடம் பார்ப்பது ஏன் சோதனையாகாது என்பதும் விளங்கும். இந்தியாவின் அழகுப்பொருள் விதிகள் தலைச்சாயத்தின் உறைமேல் ஓர் எச்சரிக்கையை ஆங்கிலத்திலும் வட்டார மொழிகளிலும் அச்சிடச் சொல்கின்றன. தோல் எரிச்சல் நேரலாம், முன்னதாகச் சோதித்துப் பாருங்கள், புருவத்துக்கும் இமைக்கும் பூசாதீர்கள், பார்வை போகக்கூடும் என்பது அதன் பொருள். காதின் பின்புறத்திலோ முன்கையிலோ சிறிது பூசி 24 மணி நேரம் பொறுத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். தோல் மருத்துவர்கள் 48 மணி நேரம் பொறுப்பது நன்று என்பர். ஆனால் நிலையத்தில் அந்த உறை எங்கே? சாயம் கிண்ணத்தில் குழைக்கப்பட்டு நம் தலைக்கு வரும்போது உறை குப்பைக் கூடையில் கிடக்கிறது. சட்டம் அச்சிட்ட எச்சரிக்கை கூடைக்குப் போய்விட்டதால், அதை வாயால் சொல்ல வேண்டிய கடமை சாயம் பூசுபவருக்கு வந்து சேர்கிறது.

மருதாணியைப் பற்றியும் ஒரு சொல். நம் தோட்டத்து மருதாணி கறுப்பாகச் சிவப்பதில்லை. அதிலுள்ள லாசோன் என்ற பொருள் தருவது செம்மஞ்சள் நிறம்; அது முற்றினால் அடர்செம்மை. திருமணக் கூட்டத்தில் அரை மணியில் கன்னங்கரேலென்று பிடிக்கும் 'கறுப்பு மெஹந்தி' என்றால், பெரும்பாலும் அதில் பி.பி.டி. கலந்திருக்கும். அன்று கையில் எழுதிய கோலம் உடலின் நினைவிலும் எழுதப்பட்டுவிடலாம். ஆண்டுகள் கழித்துத் தலைச்சாயம் பூசும் நாளில் அதற்கான விலை கேட்கப்படும். ஆகவே 'எப்போதாவது கறுப்பு மெஹந்தி இட்டுக் கை புண்ணானதுண்டா?' என்ற கேள்வி ஊர்க்கதை பேசுவதற்காக அன்று, தலையைக் காப்பதற்காக.

விடுதியில் என் அறைத்தோழி ஒருத்திக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். அக்காள் திருமணத்துக்கு ஊருக்குப் புறப்படும் முன்பு, ஒரு நிலையத்தில் மேலுதட்டு மயிரை மெழுகு வைத்து எடுத்துக்கொண்டாள். துணியை இழுத்ததும் மயிரோடு தோலும் வந்துவிட்டது. காரணம் மெழுகின் சூடு அன்று. முகப்பருவுக்காக அவள் சில திங்களாக மருத்துவர் கொடுத்த ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை உண்டுவந்தாள். அம்மருந்து தோலை மெலிவாகவும் எளிதில் உரிவதாகவும் ஆக்கிவிடும். உண்ணும் காலத்திலும் நிறுத்தியபின் ஆறு திங்கள் வரையிலும் மெழுகு கூடாது என்று மருந்துக் குறிப்பே எச்சரிக்கிறது. 'ஏதேனும் மருந்து உண்கிறீர்களா?' என்று ஒரு வரி கேட்டிருந்தால் போதும். அவளும் மறைத்திருக்க மாட்டாள். யாரும் கேட்கவில்லை. திருமணப் படங்களில் அவள் உதட்டின்மேல் ஒரு கருந்தழும்பு இருக்கிறது. பிறகு எழுந்த பேச்சு என்ன தெரியுமா? 'உங்கள் தோல் அப்படி' என்றார்கள். குறை கேள்வியில் இருக்க, பழி தோலின்மேல் விழுந்தது.

இதைவிடப் பெரிய பாடம் ஒன்று துனிசியா நாட்டிலிருந்து வந்தது. 2024-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் அதை வெளியிட்டது. உடல்நலம் மிக்க 26 வயதுப் பெண் ஒருத்தி 2020 சூனிலும், 2021 ஏப்பிரலிலும், 2022 சூலையிலும் முடியை நேராக்கிக்கொண்டாள். மூன்று முறையும் அன்றே வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல், முதுகுவலி. மூன்று முறையும் சிறுநீரகம் பழுதுற்றது. பூசிய களிம்பில் கிளையாக்சிலிக் அமிலம் இருந்தது. பிரெஞ்சு ஆய்வாளர்கள் அந்தக் களிம்பை எலிகளின் தோலில் பூசிப் பார்த்தார்கள். அவற்றின் சிறுநீரகங்களில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் குவிந்திருந்தன. ஃபார்மால்டிகைடு தீங்கானது என்று கருதி, அதற்கு மாற்றாகப் பல களிம்புகளில் சேர்க்கப்படும் பொருள் இது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். 'அது இல்லாதது' என்று எழுதியிருந்தால் 'தீங்கே இல்லாதது' என்று பொருளாகிவிடாது.

இங்கே வேதியியலைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு எண்ணிப் பாருங்கள். இரண்டாம் முறை அவள் நாற்காலியில் அமரும்போது, 'சென்ற முறை வீடு திரும்பிய பின் உடல் எப்படி இருந்தது?' என்ற ஒரே கேள்வியும் அதற்கு உண்மையான விடையும் சந்தித்திருந்தால், மூன்றாம் முறை நேர்ந்திருக்குமா? அமிலத்தின் பெயர் தெரியாதவர்கூடக் கேட்கக்கூடிய கேள்வி அது. நம் பாட்டிமார் நாள்தோறும் கேட்ட கேள்வி.

இனி நிறத்துக்கு வருவோம். நம்முள் பலருக்கு உள்ளூர உறுத்தும் இடம் இது. 1975-ஆம் ஆண்டில் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்க மருத்துவர் வெயிலுக்குத் தோல் எப்படி ஈடுகொடுக்கிறது என்பதை வைத்துத் தோலை வகைப்படுத்தினார். முதலில் அமைந்த நான்கு வகைகளும் வெள்ளைத் தோலுக்கே உரியவை. மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் உரிய ஐந்தாம், ஆறாம் வகைகள் பின்னரே சேர்க்கப்பட்டன. இன்று மயிர் நீக்கும் லேசர் ஒளியைச் செலுத்துமுன் கேட்க வேண்டிய முதற்கேள்வி, இத்தோல் எந்த வகை என்பதே. ஏன்? அந்த ஒளி மயிர்க்காலிலுள்ள மெலனினைத் தேடிச் சுடுகிறது. நம் தோலின் மேற்பரப்பிலும் மெலனின் மிகுதி. 755 நானோமீட்டர் ஒளியை நம் தோல் வழியிலேயே உறிஞ்சிக்கொண்டு வெந்துபோகக்கூடும். 1064 நானோமீட்டர் ஒளியை மெலனின் குறைவாகவே உறிஞ்சுகிறது. அது ஆழத்துக்கு இறங்குகிறது. ஆகவே கருநிறத்தோருக்கு அதுவே பாதுகாப்பானது என்பர். வெள்ளைத் தோலுக்கு வைத்த அளவை மாற்றாமல் நம் கன்னத்தில் செலுத்தினால் வருவது அழகன்று, சூட்டுக்காயம். அமிலம் வைத்துத் தோல் உரிக்கும் 'பீல்' முறையிலும் இதே கதைதான். கருந்தோலில் சிறு அழற்சியும் ஆறியபின் கருந்தழும்பை விட்டுச் செல்லும். அழிக்கப் போன கறுப்பு இரட்டிப்பாகத் திரும்பி வரும்.

ஆக, நம் நிறத்தைப் பற்றி நிலையத்தார் பேச வேண்டிய பேச்சு ஒன்று உண்டு. அது, 'இந்தத் தோலுக்கு எந்த அளவு பொருந்தும்?' என்பது. அதைப் பேசாமல், 'இதை வெளுக்க வைக்கட்டுமா?' என்று மட்டும் பேசுவது தொழிலும் ஆகாது, நாகரிகமும் ஆகாது.

வெளுக்க வைக்கும் ஆசை எங்கே கொண்டு விடும் என்பதற்கு நம் பக்கத்து மாநிலமே சான்று. கேரளத்து மலப்புறம் மாவட்டத்தில் 2021 முதல் 2023 வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்தவர்களை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். 22 பேரில் 15 பேருக்கு அபூர்வமான ஒரே குறி தென்பட்டது. அந்த 15 பேரில் 13 பேர் வெண்மைக் களிம்பு பூசியவர்கள். அக்களிம்புகளில் பாதரசம் இருந்தது. பாதரசம் மெலனின் உண்டாவதைத் தடுக்கும். தோல்வழியே இரத்தத்தில் ஏறிச் சிறுநீரகத்தின் வடிகட்டியைக் கெடுக்கும். கண்ணருகே பூசுவனவற்றைத் தவிர மற்ற அழகுப்பொருள்களில், தற்செயலாகக் கலந்ததாயினும், பாதரசம் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்குமேல் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் அழகுப்பொருள் விதிகள் சொல்கின்றன. பெயரும் முகவரியும் இல்லாத டப்பாவை எந்த விதி சென்று எட்டும்? அம்மருத்துவர்கள் உண்மையை எட்டியது எப்படி? கருவிகள் ஒரு பாதி. 'முகத்தில் என்ன பூசுகிறீர்கள்?' என்று நோயாளிகளைக் கேட்டது மறுபாதி.

எதிர்வாதம் உண்டு என்பதை அறிவேன். 'அவளுக்கு நேரம் ஏது? அடுத்தவர் காத்திருக்கிறார். முந்நூறு ரூபாய் வேலைக்கு முப்பது கேள்வியா?' என்பர். நியாயமான வாதந்தான். அந்தப் பெண்ணும் நம்மைப் போல ஊர் விட்டு வந்தவளாக இருக்கலாம். நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்பவள். அவளைக் குற்றவாளியாக்க நான் எழுதவில்லை. ஆனால் அந்தச் சாயத்தை நாம் ஆண்டுக்குச் சில முறை தொடுகிறோம். அவளோ நாள்தோறும் தொடுகிறாள். சிகை ஒப்பனையாளர்களின் கைகளில் வரும் கரப்பானும், முடி வெளுக்கும் பெர்சல்ஃபேட்டுத் தூளால் வரும் மூச்சிரைப்பும் உலகம் அறிந்த தொழில்நோய்கள். பெட்டியில் என்ன இருக்கிறது என்று படித்துக் கேட்கும் பழக்கம் வருமானால் முதலில் பிழைப்பவள் அவளே. கையுறை கொடு, காற்றோட்டம் கொடு, விசாரிக்க ஐந்து நிமிடம் கொடு என்று உரிமையாளரைக் கேட்கும் துணிவு அவளுக்கு நம் கேள்வியிலிருந்தே பிறக்கக்கூடும்.

மற்றொரு வாதம்: 'முன்பின் தெரியாதவளிடம் என் நோயை ஏன் சொல்ல வேண்டும்?' இதுவும் நியாயமே. அடுத்த நாற்காலியில் நான்கு பேர் இருக்க, 'மாதவிலக்கு ஒழுங்கா? கருவுற்றிருக்கிறீர்களா?' என்று உரக்கக் கேட்பது விசாரணையன்று, அவமதிப்பு. விசாரிப்பது என்பது திரைக்குப் பின்னோ தாழ்ந்த குரலிலோ தனித்துக் கேட்பது. கேட்டதைப் பிறரிடம் சொல்லாதிருப்பது. விடையைக் கொண்டு கேலி செய்யாதிருப்பது. விடை சொல்ல விரும்பாதவர், 'இதைப் பற்றி என் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு வருகிறேன்' என்று எழுந்து செல்லவும் உரிமை வேண்டும். அப்படி எழுந்தவளைப் பார்த்து முகம் சுளிக்காத நிலையமே நல்ல நிலையம்.

கேள்வி ஒருவழிப் பாதையும் அன்று. நாமும் கேட்க வேண்டும். அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உரிமம் இல்லாத ஓர் அழகு நிலையத்தில், இரத்தத்தை எடுத்து ஊசிகளால் முகத்தில் செலுத்தும் சிகிச்சை பெற்ற பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியது 2018-இல் வெளிப்பட்டது. அழகுக்கான ஊசிவழி அக்கிருமி பரவியதாகப் பதிவான முதல் நிகழ்ச்சி அதுவே என்று அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் 2024-இல் அறிவித்தது. 'ஊசி புதியதா? என் கண்முன் உறையைப் பிரிப்பீர்களா?' என்று கேட்பதற்கு முதுகலைப் பட்டம் வேண்டியதில்லை. கழுத்தைத் திருப்ப வருபவரிடம் 'வேண்டாம்' என்பதற்கும் வேண்டியதில்லை. தலை கழுவும் தொட்டியில் நெடுநேரம் கழுத்தைப் பின்னுக்குச் சாய்த்ததால் மூளைக்குச் செல்லும் இரத்தம் தடைப்பட்ட ஐந்து பெண்களைப் பற்றி வெயின்ட்ராப் என்ற நரம்பியல் மருத்துவர் 1993-ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார்.

இனிச் செய்ய வேண்டியது என்ன? நம் சங்கம் ஆண்டுதோறும் புதிய மாணவர்களை வரவேற்கிறது. சிற்றுண்டியும் கலைநிகழ்ச்சியும் தருகிறது. அத்தோடு ஒரே ஒரு தாளை அச்சிட்டுத் தரட்டும் என்று கேட்கிறேன். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் இந்தி. அதில் ஆறு கேள்விகள் போதும். எதற்கேனும் ஒவ்வாமை உண்டா? இப்போது உண்ணும் மருந்தும் பூசும் களிம்பும் யாவை? சென்ற முறை செய்தபின் என்ன ஆயிற்று? இழுப்பு, தோல்நோய், கருவுற்றிருத்தல் முதலியன உண்டா? நீங்கள் வேண்டுவது என்ன, வேண்டாதது என்ன? பூசப்போகும் பொருளின் பெயரும் அதன் உறையும் எங்கே? கீழே, இந்தி அறியாதவர்கள் வாய்விட்டுப் படிக்கும்படி தமிழ் எழுத்திலேயே ஒரு வரி இருக்கட்டும்: 'பஹ்லே ஹாத் பர் லகாகர் தேக் லீஜியே'. முதலில் கையில் பூசிப் பாருங்கள் என்பது அதன் பொருள். நம் தோழி ஒருத்திக்கு இந்த ஒரு வரி ஒரு முகத்தையே காத்துக் கொடுக்கலாம். வேதியியல், உயிரியல் துறைகளில் பயிலும் நாம் சிலர் சேர்ந்தால் ஒரு மாலைப்பொழுதில் அத்தாளை எழுதி முடித்துவிடலாம். இந்தி நன்கறிந்த தமிழ் நண்பர்கள் நம்மிடையே பலர், மொழிபெயர்ப்புக்குக் குறைவில்லை.

இன்னொன்றும் வேண்டும். புதிதாக வந்த தங்கையோ தம்பியோ முதன்முறை சாயத்துக்கோ லேசருக்கோ செல்லும்போது மூத்த மாணவர் ஒருவர் உடன் செல்லட்டும். தில்லியின் மார்கழி, தைக் குளிர் நம் கடலோரத் தோலை வறட்டி வெடிக்க வைக்கிறது. ஊரில் எரியாத களிம்பு இங்கே எரிகிறது. இதைச் சொல்லிக் கொடுக்க அத்தையும் பெரியம்மாவும் இங்கில்லை. அந்த இடத்தில் நிற்பதற்கல்லவோ சங்கம்?

அழகு வேண்டும் என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பூச்சூடிய இனம் நாம். ஆனால் நம் முகத்தின்மேல் அந்நியக் கை ஒன்று படுமுன், அந்தக் கைக்கு உரியவர் நம்மை நிமிர்ந்து பார்த்து, 'உங்களுக்கு எது ஒத்துக்கொள்ளாது?' என்று கேட்கட்டும். கேட்கவில்லையா? பணப்பையை மூடிக்கொண்டு படியிறங்குங்கள். கடைத்தெருவில் நிலையங்கள் பல உண்டு.